வேலை நேரத்தில் எரிந்த பச்சைப் புள்ளி

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. வழமைபோல நாலரைக்கு எழும்பி, முற்றம் கூட்டி, பிட்டு அவித்து, மத்தியானத்துக்குச் சோறும் கட்டிக்கொண்டு ஏழேகாலுக்கு ஸ்கூட்டியை வெளியில் எடுத்தேன். சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது. தோட்டங்களில் வாழையிலை எல்லாம் கிழிந்து தொங்கியது. அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட இருக்கும் எங்கள் கடையின் பின்கதவைத் திறந்தபோது மணி ஏழே முக்கால். விளக்குகளைப் போட்டேன், குளிர்ப்பெட்டிகள் ஓடுகின்றனவா என்று பார்த்தேன், பிறகு மேசையின் கீழ் லாச்சியில் இருந்து விசுக்கோத்து ரின்னை எடுத்து வாசல் மேசையில் வைத்தேன்.

மொத்தமாக விற்கும் விசுக்கோத்து வருகிற பெரிய சதுரத் தகர ரின் அது. வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் கைத்தொலைபேசியை அணைத்து அதற்குள் போட வேண்டும். எல்லோரும் வந்ததும் மூடியை அமத்தி, மாடிக்குக் கொண்டுபோய், லாச்சியில் வைத்துப் பூட்டுவேன். சாப்பாட்டு நேரத்தில் ஒருக்கால், கடை பூட்டும்போது ஒருக்கால் திருப்பிக் கொடுப்பேன். அந்தக் கடையின் அலுவலகப் பொறுப்பு என்னுடையது. சம்பளம், லீவு, கொள்வனவு என்று இருந்த வேலையோடு ஒரு வருடமாக இந்த ரின்னும் சேர்ந்திருந்தது.

ரின் வந்த கதை இதுதான். எங்கள் முதலாளி சுவிசில் இருக்கிறார். கடைக்குள் பொருத்திய கமராக்களை அங்கிருந்தே தன் தொலைபேசியில் பார்ப்பார். ஒருநாள் மரக்கறிப் பகுதியில் நின்றவர், தராசுக்கு முன்னால் நாலு பேர் காத்துக்கொண்டு நிற்க, தக்காளிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று முகநூலில் நேரலை போட்டார். முதலாளி அங்கே ஒரு திரையில் கமராவையும் இன்னொரு திரையில் அந்த நேரலையையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். நேரலைக்குக் கீழேயே "தம்பி, தராசைப் பாரும்" என்று எழுதினார். அந்தத் தம்பி மத்தியானத்தோடு போய்விட்டார், பிறகு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ரின்னும் விதிகளும். கடையின் பெயரில் ஒரு முகநூல் கணக்கு இருந்தது, ஆளுடைய கணக்கு மாதிரியே. வேலை செய்கிற எல்லோரும் அதோடு நட்பாக இருக்க வேண்டும். கடையைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது. தங்கள் கணக்கை வேறொருவருக்கும் கொடுக்கக்கூடாது. மாடியில் இருக்கும் கணினியில் கடைக்கணக்கைத் திறந்து வைத்து, வேலை நேரத்தில் யாருடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது என்று பார்த்துப் பின்னேரம் முதலாளிக்குச் சொல்ல வேண்டியது நான். பச்சை எரிந்தால் ஆள் முகநூலுக்குள் நிற்கிறார் என்று அர்த்தம்.

இந்த வேலை வந்த நாளில் இருந்து நான் படியில் இறங்கும்போது கீழே கதை நின்றுவிடும். களஞ்சியத்துக்குப் பொறுப்பான அண்ணை மாத்திரம் நிறுத்தமாட்டார். அறுபதைத் தொட்டவர், வாய் சும்மா இருக்காது. அன்று காலையும் தன்னுடைய பழைய பட்டன் போனை ரின்னுக்குள் போட்டுவிட்டு, "தங்கச்சி, கவனம். என்ரை போன் உவையின்ரை போனுகளோடை கிடந்து பழுதாப் போயிடும். நல்ல குடும்பத்துப் போன்" என்றார்.

"அண்ணை, உங்களுக்குத்தான் பேஸ்புக்கே இல்லையே. ஏன் போடுறியள்?"

"போடாட்டிச் சுவிசிலை மணி அடிக்குமெல்லே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முதலாளிக்கு நான் சொல்லாத சில விசயங்களும் தெரிந்திருந்தன. போன மாதம் சம்பள உயர்வு பற்றி மாடியில் அண்ணையோடு கதைத்தது, இரண்டு நாளில் முதலாளியின் வாயில் வந்தது. கதைத்தது நாங்கள் இரண்டு பேர். நான் சொல்லவில்லை. அப்படியென்றால் இவர்தான் என்று நினைத்தேன். மற்றவர்கள் என்னைச் சந்தேகித்தார்கள், நான் அண்ணையைச் சந்தேகித்தேன்.

கடைசியாக வந்தது காசாளர் பிள்ளை. உடுப்பிட்டியில் இருந்து சைக்கிளில் வருகிறவள். வல்லை வெளியின் எதிர்க்காற்றில் மிதித்து வந்து தலைமயிர் எல்லாம் குழம்பியிருந்தது. தொலைபேசியை ரின்னில் போட்டாள், முகத்தைத் துடைத்தாள், கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்றினாள். தகப்பன் இல்லாத வீடு. அவளுடைய சம்பளத்தில்தான் தாயும் அவளும் சீவிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அவளில் எனக்கு ஏற்கனவே ஒரு கண் இருந்தது. ஒரு கிழமையாக அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சை அணையவே இல்லை. காலையில் கணினியைத் திறந்தாலும் பச்சை, பதினொரு மணிக்கும் பச்சை, மூன்று மணிக்கும் பச்சை. தொலைபேசியோ என் லாச்சிக்குள். இரண்டாவது தொலைபேசி வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் கல்லாவுக்குக் கீழே குனிந்தால் எதற்குக் குனிகிறாள் என்று மாடிப்படியில் நின்று பார்த்தேன். கழிப்பறைக்குப் போனால் எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். ஒருமுறை அவளுடைய கைப்பை திறந்து கிடந்தபோது எட்டியும் பார்த்தேன். சாப்பாட்டுப் பெட்டி, சீப்பு, திருநீற்றுப் பை. வேறொன்றும் இல்லை. ஆனாலும் முதலாளிக்கு இன்னும் சொல்லவில்லை. தொலைபேசியைக் கையோடு பிடித்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அன்று நான் சொல்ல முதலே அவர் சுவிசில் இருந்து தொலைபேசி எடுத்துவிட்டார். பன்னிரண்டு மணி இருக்கும்.

"அக்கா, ஊர்ப்பக்கத்தைப் பாத்தனீங்களோ?"

அச்சுவேலி ஆட்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருக்கிறது. யாரோ வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்தவர் அதில் எங்களைப் பற்றி எழுதியிருந்தார். திகதி முடிந்த விசுக்கோத்துப் பைக்கற்றை விற்றுவிட்டார்கள், கேட்டால் ஒழுங்கான பதிலும் இல்லை என்று. கீழே எங்கள் கல்லாவின் படம். அதற்கு விழுந்த இதயங்களில் ஒன்று எங்கள் காசாளர் பிள்ளையின் பெயரில். இதயம் போதாதென்று கருத்துப் பகுதியில் மூன்று கும்பிட்ட கைகளும் போட்டிருந்தாள். பதினொன்றேகாலுக்குப் போட்டது.

"எங்கடை சம்பளத்தை வாங்கிக்கொண்டு, எங்கடை கல்லாவிலை இருந்துகொண்டு, எங்களை நாறடிக்கிறவனுக்குக் கும்பிடு போடுறா. அதுவும் வேலை நேரத்திலை. போன் எப்பிடி வந்தது அக்கா?"

"லாச்சிக்குள்ளை பூட்டிக் கிடக்குது தம்பி. நான் இப்பவும் பாத்தனான்." அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆட்களுக்கு முன்னால் முதலாளி என்பேன், தனியே கதைக்கும்போது தம்பிதான்.

"அப்ப ரெண்டாவது போன். இண்டைக்குப் பின்னேரத்தோடை நிப்பாட்டிவிடுங்கோ. நாளைக்கு அவ வரத் தேவையில்லை."

விசுக்கோத்துக்குத் திகதி முடிந்தது உண்மையா என்று அவர் கேட்கவில்லை. கீழே போய் விசுக்கோத்துத் தட்டைப் பார்த்தேன். அந்த வகையில் இன்னும் ஐந்து பைக்கற்றுகள் பின்வரிசையில் நின்றன, எல்லாம் மே மாதத்தோடு முடிந்தவை. அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் தடவையாக அவர் பகிடி விடவில்லை. சொப்பிங் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

சாப்பாட்டு நேரத்தில் ரின்னைத் திறந்து மற்றவர்களுக்குக் கொடுத்தேன். பிள்ளையை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டு, எனக்கு முன்னால் கதிரையில் இருத்தி, அவளுடைய தொலைபேசியை மேசையில் வைத்து, கணினியைத் திருப்பிக் காட்டினேன்.

"இதென்ன பிள்ளை?"

பார்த்தாள். முகம் வெளிறியது. "நான் போடேல்லை அக்கா."

"உம்மடை பேர்தானே?"

"ஓம். ஆனா நான் போடேல்லை. என்ரை போன் உங்களிட்டையெல்லே கிடந்தது."

"மற்றப் போன் எங்கை?"

"என்ன மற்றப் போன்?"

"ஒரு கிழமையாப் பச்சை எரியுது. நான் குருடி எண்டு நினைச்சீரோ?"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அதை நான் கண்டேன். சொல்ல ஏதோ இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்று இருக்கிறாள் என்பது தெளிவாகத் தெரிந்தது. என் சந்தேகம் இன்னும் இறுகியது.

"பேசாமல் இருந்தா நான் ஒண்டும் செய்யேலாது. முதலாளி இண்டையோடை நிக்கச் சொல்லிப்போட்டார்."

கண் நிறைந்தது. "நிக்கச் சொன்னா நிக்கிறன் அக்கா" என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. செய்தவர்கள் இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள், பழியை மற்றவர்களில் போடுவார்கள், சண்டை பிடிப்பார்கள். கணினியைத் திரும்ப என் பக்கம் திருப்பி, அவளுடைய கணக்கு இந்த ஒரு கிழமையில் எங்கெங்கே கை வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். சந்நிதி முருகனுக்கு இதயம், மூன்று கும்பிடு. மாவிட்டபுரத்துத் தேருக்கு மூன்று கும்பிடு. யாரோ ஒருவருடைய மரண அறிவித்தலுக்கும் இதயம். புதுவீடு குடிபூரல் படம் ஒன்று, அதில் மூலையில் சின்னதாக ஒரு கும்பம் தெரிகிறது, அதற்கும் மூன்று கும்பிடு. இருபத்து மூன்று வயதுப் பிள்ளையின் வேலை மாதிரி அது தெரியவில்லை.

கல்லாப் படத்துக்கு மீண்டும் போனேன். இந்த முறை எழுதியிருந்ததை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். காசு வாங்கும் கை, தராசு, அதற்குப் பின்னால் நடுவில், காலையில் வைத்த பூவோடு, பிள்ளையார்.

கடைக்கணக்கில் பிள்ளையார் படம் ஒன்றை எடுத்துப் போட்டேன். அவளுடைய பெயரையும் படத்தோடு இணைத்துவிட்டேன், போகிற இடத்தில் மணி அடிக்கட்டும் என்று.

"கையை மேசையிலை வையும்" என்றேன்.

வைத்தாள். அவளுடைய தொலைபேசி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அணைந்தபடி கிடந்தது. நான் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே அண்ணை யாருக்கோ அரிசி மூட்டை தூக்கக் கத்துவது கேட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவளுடைய பெயரில் ஒரு இதயம் வந்தது. அதன் கீழே ஒவ்வொன்றாக மூன்று கும்பிட்ட கைகள்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன். பார்த்துவிட்டு அழுகையும் சிரிப்புமாக, "ஐயோ அம்மா" என்றாள்.

"அம்மாவோ?"

"அவ பிள்ளையாரைக் கண்டா விடமாட்டா அக்கா. ரோட்டிலை கண்டாலும் பஸ்ஸுக்குள்ளை இருந்து குட்டிக் கும்பிடுறவ. போனிலை வந்தாலும் கும்பிடாமல் தள்ளக்கூடாதெண்டு சொல்லுவா. கீழை என்ன எழுதிக் கிடக்குதெண்டு பாக்கிறேல்லை. மூக்குக்கண்ணாடி உடைஞ்சு போச்சு, எழுத்துத் தெரியாது. படம் மட்டும்தான்."

"பழைய போனிலையோ?"

"ஓம். அதிலையும் என்ரை கணக்குத்தான்."

"இதைச் சொல்லுறதுக்கு என்ன பிள்ளை? வேலை போகப் பாத்ததே."

அவள் கதவைப் பார்த்தாள். எழும்பிப் போய் அதைச் சாத்திவிட்டு வந்து இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். தமையன் கொழும்பில் வேலை என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். கொழும்பில் இல்லை. ஏஜென்சிக்காரன் மூலம் கள்ளமாக வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டு இரண்டு மாதமாகிறது. கடைசியாகப் போன கிழமை ஒரு காட்டுக்குள் நிற்கிறோம், போனில் சார்ஜ் இல்லை என்று எழுதினான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவன் எழுதுவது இந்தக் கணக்குக்கு. எந்த நேரம் எழுதுவான் என்று தெரியாததால் தாய் அந்தப் பழைய தொலைபேசியைச் சார்ஜில் போட்டபடி, மூடாமல், கையில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். கண் முன்னால் வருகிற சாமிகளுக்கெல்லாம் அவனுக்காகக் கும்பிடுகிறாள்.

"போய்ச் சேர முதல் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு அம்மா சத்தியம் வாங்கினவ. அக்கா, முதலாளிக்கு எங்கடை அண்ணையின்ரை கதையைச் சொல்லிப்போடாதேங்கோ."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். விமானத்தில் ஏறுகிறவனுடைய பயணமே போய் இறங்கிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். கண் படும், நாக்குப் படும், யாராவது பொலிசுக்குச் சொல்லுவார்கள். காட்டுக்குள் நிற்கிறவனைப் பற்றி வாய் திறப்பார்களா?

"சொல்லமாட்டன்" என்றேன். "அம்மா படம் பாக்கிறவ எண்டது மட்டும் சொல்லுறன். நீர் போய்ச் சாப்பிடும்."

அவள் இறங்கிப் போனதும் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். தாய், உடைந்த கண்ணாடி, பிள்ளையார், நான் செய்த சோதனை. அவர் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாக ஒவ்வொரு வசனத்துக்கும் ஏன், எப்படி என்று கேட்கிற ஆள்.

"கணக்கை அம்மாவுக்குக் குடுத்தது பிழைதான் தம்பி" என்று முடித்தேன். "அதுக்கு வேலையாலை நிப்பாட்டிறது சரியில்லை. இனிக் கடைக்கணக்கிலை இருந்து அவவைக் கழட்டிவிடுறன். இதயத்தையும் எடுக்கச் சொல்லுறன்."

"நிக்கட்டும்" என்றார். "வேலைக்கு வரட்டும். நாளைக்கு நான் அந்த ஊர்ப்பக்கத்திலை மன்னிப்புக் கேட்டு எழுதுறன். விசுக்கோத்துத் திகதி முடிஞ்சதுதானே?"

"ஓம். அஞ்சு பைக்கற் கிடந்தது, எடுத்தாச்சு."

"சரி." பிறகு, வைக்கப் போகிறார் என்று நான் நினைத்த நேரத்தில், "அக்கா, அந்த மனிசி போனை மூடாமலே வைச்சிருக்கட்டும். காட்டுக்குள்ளை சார்ஜ் கிடைக்கிறது கஷ்டம். நானும் உப்பிடித்தான் வந்தனான். பதினாறு நாள் எங்கடை அம்மாவுக்கு ஒரு சத்தமும் இல்லை."

காட்டைப் பற்றி நான் அவருக்கு ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன். மேசை, இரும்புப் பெட்டகம், இரண்டு கதிரை, சாத்திய கதவு. பெட்டகத்துக்கு மேலே, சுவர் மூலையில், இரண்டு மாதத்துக்கு முன் பூட்டிய கமரா. காசு இருக்கிற அறை, பாதுகாப்புக்கு என்று சொன்னார்கள். பூட்ட வந்தவனிடம் இதற்குக் காது கேட்குமா என்று நான் கேட்டதும் நினைவிருக்கிறது. "இல்லை அக்கா, உதுக்குக் கண் மட்டும்தான்" என்று ஏணியில் நின்றபடி சொன்னான். அவனுக்குத் தெரியாதோ, தெரிந்துதான் சொன்னானோ.

பின்னேரம் வரைக்கும் எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு மாதமாக அந்த அறைக்குள் நான் என்னென்ன கதைத்தேன் என்று ஒவ்வொன்றாக வந்தது. தங்கையோடு தொலைபேசியில் கதைத்த வீட்டுப் பிரச்சினை. சம்பள உயர்வைப் பற்றி அண்ணையோடு கதைத்தது. முதலாளியின் கஞ்சத்தனத்தைப் பற்றி அண்ணை அவரைப் போலவே பேசிக் காட்டியது, நான் சிரித்தது. ஒரு மாதமாக அந்த மனிசனை நான் கோள்காரன் என்று நினைத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் அளந்து அளந்து கதைத்திருக்கிறேன்.

கடை பூட்டும்போது ரின்னைத் திறந்து தொலைபேசிகளைக் கொடுத்தேன். அண்ணை தன்னுடையதை எடுத்துக்கொண்டு, "என்ன தங்கச்சி, முகம் செத்துப்போய்க் கிடக்குது. இண்டைக்குப் பச்சை ஒண்டும் எரியேல்லையோ?" என்றார்.

"எரிஞ்சது அண்ணை" என்றேன். "நாளைக்குச் சொல்லுறன். மாடியிலை வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மேலே மாடிப்படியைப் பார்த்தார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை அதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டாள். சந்தைக்குப் போகும் ஆட்களுக்கு நடுவில் அவளை மறித்து நிற்பாட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வீதிப்பக்கத்துச் சுவரிலும் ஒரு கமரா இருக்கிறது.

அடுத்த நாள் புதன்கிழமை, வழமையைவிட முந்தி வெளிக்கிட்டேன். பின்கதவைத் திறக்கவில்லை. ரின்னை எடுக்கவில்லை. கடைக்குப் பின்னால், வேப்பமரத்துக்குக் கீழே, சைக்கிள்கள் விடுகிற இடத்தில் போய் நின்று நாலு பக்கமும் பார்த்தேன். அங்கே சுவரில் ஒன்றும் இல்லை. அவள் காற்றில் சிவந்த முகத்தோடு வந்து இறங்கியதும் கிட்டப் போய், வேலை போகவில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு, மாடிக்குக் காது இருக்கிறது, அண்ணன்காரனின் கதை முதலாளிக்குத் தெரியும், என் வாயால் போகவில்லை என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. சைக்கிளைப் பூட்டினாள். கைப்பையில் இருந்து தொலைபேசியை எடுத்து ஒருமுறை பார்த்தாள்.

"ஏதும் வந்ததோ?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டிவிட்டு, அணைக்காமல், அதை என் கையில் தந்தாள்.